மரக்காணம் உப்பளக் கடற்கரையின் ஆட்சியமைப்பு: அதிகாரப் பகிர்வும் பொறுப்பு இடைவெளியும்

ஆய்வுச்சுருக்கம்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் உப்பு, நிலம், நீர், உழைப்பு ஆகிய நான்கும் ஒரே பாத்தியில் கூடுகின்றன. ஆயினும் இந்திய அரசமைப்புச் சட்டம் இவற்றை வெவ்வேறு அரசு அடுக்குகளுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. இப்பகிர்வு உருவான வரலாற்றையும், அதனால் உப்பளத் தொழிலாளர் தொடர்பான பொறுப்பு சிதறிக் கிடப்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அச்சிதறலைக் குறைப்பதற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே உள்ள வழிகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மரக்காணம், உப்பளம், ஏழாவது அட்டவணை, அதிகாரப் பகிர்வு, உள்ளாட்சி.

முன்னுரை

நெய்தல் நிலத்தின் தொன்மையான தொழில்களுள் உப்பு விளைத்தலும் ஒன்று. உப்பு விற்கும் உமணரைச் சங்க இலக்கியம் பலவிடங்களில் காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் காண்பாரும் உளர். இத்தகைய நெடிய மரபுடைய கடற்கரை இன்று யாருடைய ஆட்சியில் உள்ளது என்ற வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. ஓர் அரசின் அமைப்பைத் தலைநகரிலிருந்து ஆராய்வது வழக்கமான முறை. அதனை ஓர் உப்புப் பாத்தியிலிருந்து ஆராயும்போது, சட்டநூலில் தெளிவாகத் தோன்றும் எல்லைகள் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பது புலனாகும்.

உப்பு நடுவண் அரசின் பொருளான வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம், உரிமம் பெறாத உற்பத்தியைத் தடுக்கும் ஏற்பாடுகளை உறுதிப்படுத்தியது. உப்பு பெரும் வருவாயை ஈட்டித் தந்தமையால், 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் அதனைக் கூட்டாட்சிப் பட்டியலில் வைத்தது.

1930இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் நிகழ்ந்த உப்பு அறப்போர், இத்தனியுரிமையை அரசியல் வினாவாக்கியது. 1931இன் காந்தி-இர்வின் உடன்பாடு, உப்பு கிடைக்கும் பகுதிகளில் வாழும் மக்கள் தம் வீட்டுப் பயன்பாட்டிற்கும் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுக்க இடமளித்தது. உப்பு வரி 1947 ஏப்ரலில் நீங்கியது. 1948இல் பத்து ஏக்கர் வரையிலான உப்பளங்களுக்கு உரிமம் தேவையில்லை என அரசு அறிவித்தது.

வரி நீங்கிய பின்னரும் அதிகாரம் இடம்பெயரவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், ஏழாவது அட்டவணையின் நடுவண் பட்டியலில் 58ஆம் பதிவாக உப்பு உற்பத்தி, வழங்கல், பகிர்மானம் ஆகியவற்றை வைத்தது. வருவாய்க்காக உருவான மையப்படுத்தல், அவ்வருவாய் மறைந்த பின்னும் நிலைத்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

நிலத்தின் உரிமை

நிலம் மாநிலப் பட்டியலின் 18ஆம் பதிவில் உள்ளது. எனினும் உப்பள நிலங்கள் அனைத்தும் மாநில அரசின் உடைமையல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 294ஆவது உறுப்பு, இந்திய டொமினியன் அரசின் பயன்பாட்டிற்கென இருந்த சொத்துகளை நடுவண் அரசிற்கும், மாகாண அரசின் பயன்பாட்டிற்கென இருந்தவற்றை மாநிலங்களுக்கும் உரியவையாக்கியது. உப்புத்துறை வசமிருந்த நிலங்கள் இதன்வழி நடுவண் அரசைச் சேர்ந்தன. மரக்காணத்தில் நடுவண் அரசின் நிலத்திலும் மாநில அரசின் நிலத்திலும் உப்பளங்கள் அமைந்திருப்பதன் பின்னணி இதுவே.

நடுவண் அரசின் உப்பள நிலங்களை உப்பு ஆணையர் அமைப்பு குத்தகைக்கு விடுகிறது. அதன் தலைமையகம் செய்ப்பூரில் உள்ளது. சென்னையில் துணை ஆணையர் அலுவலகம் இயங்குகிறது. அருகருகே கிடக்கும் இரு பாத்திகளின் குத்தகைக் கோப்புகள் இருவேறு அரசுகளின் அலுவலகங்களில் இருக்கக்கூடும்.

நீரும் சூழலும்

நீர் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவைச் சேர்ந்தது. ஆனால் மரக்காணத்தை எட்டும் பக்கிங்காம் கால்வாய், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாயிற்று. தேசிய நீர்வழிப் போக்குவரத்து நடுவண் பட்டியலுக்கு உரியது. முற்காலத்தில் உப்பும் விறகும் தோணிகளில் சென்ற வழி இது.

அருகிலுள்ள கழுவெளி ஈரநிலத்தை 2021இல் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையோ 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசு வெளியிடுவது. இவ்வாறு நீரின் வழியாக வனத்துறை, நீர்வளத்துறை, நீர்வழி ஆணையம், கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் ஆகியன இக்கடற்கரையின் ஆட்சியில் பங்குகொள்கின்றன.

உழைப்பும் நிவாரணமும்

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலைச் சார்ந்தது. உப்பளத் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை மாநில அரசு நிர்ணயித்து வந்துள்ளது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுவிடும். இக்காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது.

இங்குதான் கட்டுரையின் மையச் சிக்கல் வெளிப்படுகிறது. உப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசிடம் உள்ளது. அத்தொழில் நின்றுபோகும் மாதங்களின் சுமையை மாநில அரசு ஏற்கிறது. 1996இல் நடுவண் கலால் சட்டத்திலிருந்து உப்பு நீக்கப்பட்டபோது உரிமமுறையும் முடிவுற்றது. உரிமத்தை விட்டுக்கொடுத்த நடுவண் அரசு, நில உடைமையையும் சட்டமியற்றும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. குத்தகைதாரர் தம் குறைகளை எடுத்துச்செல்ல ஓர் அலுவலகம் உண்டு. குத்தகை ஆவணத்தில் இடம்பெறாத கூலித்தொழிலாளரோ ஊதியத்திற்கு ஒரு துறையையும், வீட்டுமனைக்கு வேறொரு துறையையும், நிவாரணத்திற்கு மற்றொரு துறையையும் நாட வேண்டியுள்ளது.

உள்ளாட்சியின் இடம்

மக்களுக்கு மிக அண்மையிலுள்ள ஆட்சியமைப்பு மரக்காணம் பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் ஆகும். ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. மீன்வளம் அவற்றுள் ஒன்று. நகர உள்ளாட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்கள் உள்ளன. இரண்டிலும் உப்பு இல்லை. ஆகவே ஊரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றைப் பற்றி ஊரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தீர்மானம் இயற்றலாமேயன்றி முடிவெடுக்க இயலாது.

ஒப்பீட்டு நோக்கு

இச்சிக்கல் கூட்டாட்சி நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா ஓர் ஒற்றையாட்சி நாடு. அங்கு உப்பு கனிமமாகக் கொள்ளப்படுகிறது. 1992ஆம் ஆண்டின் கானா அரசமைப்புச் சட்டம், 257ஆவது உறுப்பில் கனிமங்களை மக்களின் சார்பாகக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. 267ஆவது உறுப்பில் மரபுவழித் தலைமைகளின் நிலத்தை அக்குடிகளின் சார்பாக அத்தலைமைகளிடமே விடுகிறது. அடா பகுதியின் சோங்கோர் காயலில் உப்பு எடுக்கும் உரிமை குறித்து அரசு, நிறுவனங்கள், ஊர்மக்கள் ஆகியோரிடையே நீண்டகாலப் பூசல் நிலவியது. நிலமும் அதன் விளைபொருளும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது, உழைப்போர் இரண்டிற்கும் இடையில் நிற்க நேர்வதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

அரசமைப்புச் சட்டத்திலுள்ள வழிகள்

சட்டத்திருத்தம் இன்றியே இவ்விடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 258ஆவது உறுப்பு. இதன்படி நடுவண் அரசின் பணிகளை, மாநில அரசின் இசைவுடன், அம்மாநில அரசிடமோ அதன் அலுவலர்களிடமோ குடியரசுத் தலைவர் ஒப்படைக்கலாம். உப்பள நிலக் குத்தகை மேற்பார்வையை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைக்க இது இடந்தருகிறது. அவ்வாறு செய்தால், குத்தகை நிபந்தனைகளோடு ஊதியத்தையும் குடிநீர், நிழற்கூடம் போன்ற பணியிட வசதிகளையும் இணைத்துக் கண்காணிக்க இயலும்.

இரண்டாவது, 243இசட்டி உறுப்பின்படி அமையும் மாவட்டத் திட்டக்குழு. நீரும் பிற இயற்கை வளங்களும் பகிரப்படுவதையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் ஊராட்சி, நகராட்சி ஆகியவற்றின் பொதுநலனாக அவ்வுறுப்பு கருதுகிறது. உப்பளம், கழுவெளி, மீன்பிடி ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய்வதற்குரிய மன்றமாக இக்குழுவைப் பயன்படுத்தலாம்.

முடிவுரை

மரக்காணம் கடற்கரையில் ஆட்சி இல்லை என்று கூற இயலாது. பல ஆட்சிகள் ஒருங்கே உள்ளன. காலனிய அரசின் வருவாய்த் தேவை உப்பை மையத்தில் நிறுத்தியது. விடுதலைக்குப் பின் வரியும் உரிமமும் நீங்கினும் அவ்வமைப்பின் சட்டகம் தொடர்கிறது. நிலம், நீர், ஊதியம், நிவாரணம் ஆகியன தனித்தனித் துறைகளில் நிற்பதால், உப்பளத் தொழிலாளரின் முழுமையான வாழ்நிலைக்குப் பொறுப்பேற்கும் துறை எதுவும் இல்லை. ஆகவே அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதோடு, மழைக்காலத்தில் பாத்தி மூழ்கும்போது யார் விடைகூற வேண்டும் என்பதும் ஆட்சியமைப்பு ஆய்வின் வினாவாக வேண்டும். தூத்துக்குடி, வேதாரணியம் உள்ளிட்ட பிற உப்பளப் பகுதிகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் பயனுடையதாகும்.