சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலையின் பத்தொன்பதாவது காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். மாணவர் அதனைக் கற்குங்கால் அமுதசுரபியின் அற்புதத்தையே பெரிதும் வியப்பர். எனக்கு வியப்புத் தருவது பிறிதொன்று. புகார் நகரச் சிறையிலுள்ளோர்க்கு உணவூட்டிய மணிமேகலையை மாவண்கிள்ளி அழைத்து, வேண்டுவது யாதென வினவுகின்றான். பொன்னும் மணியும் அவள் கேட்டிலள். சிறைக்கோட்டத்தையே அறவோர்க்கு உரிய கோட்டமாக்கித் தருமாறு வேண்டினாள். அரசனும் இசைந்தான். இடமும் பொருளும் முன்னும் அரசனுடையவை, பின்னும் அரசனுடையவை. மாறியது பயன் ஒன்றே.

இதனை உளத்திற்கொண்டு, வீடற்ற பிள்ளைகளுக்கு நம் நாட்டுச் சட்டங்கள் செய்ததை நோக்குவோம். ஆங்கிலேயர் 1841இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், பிழைக்க வழியின்றிப் பிறர் விறாந்தையில் தங்குவதையும் குற்றமாக எண்ணிற்று. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம் அதனினும் அருளுடைத்து. சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் வகுத்தது. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படுவோர் என்றொரு பிரிவையுங் கண்டது. ஆயினும் திருடிய சிறுவனும் திக்கற்ற சிறுவனும் சென்று நிற்பது ஒரே நீதிமன்றின் முன்னிலையிலன்றோ? இருசாராரும் ஒரே சான்றுபெற்ற பாடசாலையில் உறைய நேர்வது பலராலும் பலகாலம் எடுத்துக்காட்டப்பட்ட குறை. சாத்தனார் காட்டிய மாற்றம் இங்கே பாதிவழியில் நின்றுவிட்டது.

நிற்க. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆகிய பணிகள் மாகாண சபைகளின்பாற் சென்றன. தன்னார்வச் சிறுவர் இல்லங்களுக்குத் தலைக்கு இவ்வளவென்று உதவிப்பணம் வழங்கப்படுகின்றது. தலையை எண்ணிக் கொடுக்கும் பணத்துக்கு ஓர் இயல்புண்டு. தலை இல்லத்துள் இருக்கும்வரைதான் அது வரும். இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பலர் பெற்றோரை இழந்தவரல்லர். தாயேனும் தந்தையேனும் உயிரோடிருக்க, வறுமையால் அங்குச் சேர்க்கப்பட்டவர்கள். அப்பணத்தில் ஒரு பகுதி தாயின் கையிற் சேர்ந்திருப்பின் அவருட் சிலர் தம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்து படித்திருப்பர்.

மற்றொரு கொடுமை பதினெட்டாவது பிறந்தநாளில் வருகின்றது. அவ்வயது நிறைந்தவர் இல்லத்தைவிட்டு நீங்கவேண்டும் என்பது பொது வழக்கு. உயர்தரப் பரீட்சையோ பெரும்பாலும் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையிலேயே வருவது! என்னிடம் தமிழ் கற்ற ஒருவன், பெயர் வேண்டாம், வெண்பாவில் தளை தட்டினால் எனக்கு முன்னே முகஞ்சுளிப்பவன். பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கையில் அவனுக்குப் பதினெட்டு நிறைந்தது. பின்னர் அவன் வெளியூர்த் தேநீர்க் கடையொன்றில் வேலைசெய்வதாகக் கேள்வியுற்றேன். யாப்பருங்கலக்காரிகைப் பிரதி வகுப்பறை மேசையிலேயே கிடந்தது.

இளைஞர் நிலையம் என்றதும் பந்தாட்டமும் கலைவிழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாவென்று கூறேன். பகலில் ஆடுபவனுக்கு இரவில் தலைசாய்க்க இடமுண்டா என்பதும் கேட்கப்படவேண்டும். மதுரை அம்பலத்தில் பிச்சையோட்டைத் தலையணையாகக் கொண்டு துயின்ற ஆபுத்திரனும் வீடற்ற இளைஞனேயன்றோ! அவனுக்குச் சிந்தாதேவி இரங்கினாள். நம் ஊரில் அப்பணி மாகாண வரவு செலவுத் திட்டத்துக்கு உரியது. ஒவ்வொரு பட்டினத்திலும் இளைஞர் நிலையத்தை அடுத்துப் பத்துப் பாயும், படிக்க விளக்கும், பரிவுடைய மேற்பார்வையாளர் ஒருவரும் அமைதல் வேண்டும். குற்றஞ்செய்தாரை அங்கே கலத்தல் ஆகாது. அவர்க்கு வேறு வழி வேண்டும்.

உதவிப்பணத்தின் எல்லையையும் பிறந்தநாளால் அளத்தல் கூடாது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழகமோ தொழிலோ கைகூடும்வரை அது தொடரவேண்டும். இல்லத்தின் பெயரிலன்று, பிள்ளையின் பெயரில்.