உங்களுக்குத் தெரியுமா? – வேலூரிலிருந்து ஏலகிரி வரை, வாண்டுடன் ஒரு கார்ப் பயணம்

● உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே ஒரு குடும்பப் பயணம்தான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, அந்தக் கட்டையின்மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங்கின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இதைக் கேட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

● பெர்த்தாவின் பிள்ளைகள் பதின்வயதினர். வண்டியைத் தள்ளவும் உதவினார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு வயது. தள்ளாது, தள்ளவும் விடாது. அந்த வயதோடு போவதற்கு வேலூர் வட்டாரம் தோதானது என்பதற்கு ஒரே காரணம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறத்தாழ 50 கி.மீ.; அங்கிருந்து வாணியம்பாடி 20 கி.மீ.கூட இல்லை. கோட்டை, பிரியாணி, மலை, ஏரி, விண்மீன் எல்லாம் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே கிடைத்துவிடுகின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படாதீர்கள். நாளுக்கு ஓர் இடம், மதியத் தூக்கத்துக்கு ஓர் அறை. இந்தக் கணக்குக்கு மேல் போனால் அழுகைதான்.

● குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் போவது சட்டப்படி தவறு. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டிலோ குழந்தைகளுக்கான தனி இருக்கையிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்துவைக்க எந்த அம்மாவின் கையிலும் பலம் கிடையாது.

● தண்ணீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், அரசனில்லா கோட்டை, மரமில்லா மலை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். இதில் ஒன்று காலாவதியாகிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் சாமி திரும்ப வந்துவிட்டார். அகழி சூழ்ந்த கோட்டையின் உள்ளே புல்வெளி நிறைய உண்டு. வாண்டை இறக்கிவிட்டு ஓடவிட நெடுஞ்சாலையில் இதைவிட நல்ல இடம் அமையாது. காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். அகழிப் பக்கம் மட்டும் கையை விடாதீர்கள்.

● அதே கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் தேதி நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி புகுத்திய புதுத் தலைப்பாகையில் தோலாலான ஒரு குஞ்சம் இருந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளோடு இதுவும் சேர்ந்துகொள்ள, சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே!

● தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் சென்னை ராயபுரத்திலிருந்து இந்த வட்டாரத்துக்குத்தான் ஓடியது. வாலாஜா ரோடு அதன் முடிவிடம். காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில் போவது ஓய்வதே இல்லை. அழும் குழந்தைக்கு இதைவிட மலிவான மருந்து வேறில்லை.

● உங்கள் குழந்தை ரோட்டாவேக் சொட்டு மருந்து குடித்திருந்தால், வேலூர்க் குழந்தைகளுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான இந்த இந்தியத் தடுப்பு மருந்தின் இறுதிக்கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் இதில் முக்கியப் பங்காற்றினார். லண்டன் ராயல் சொசைட்டி 2019-இல் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. 2016 முதல் இம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. சொட்டு மருந்து போட்டாயிற்று என்று ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெளியூர்த் தண்ணீரில் ரோட்டா மட்டுமா இருக்கிறது?

● தண்ணீர் என்றதும் பாலாறு வருகிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரம் வழியாக இங்கே வரும் இந்த ஆறு பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். அதைக் கெடுத்தது இந்த வட்டாரத்துத் தோல் தொழில். பதனிட வரும் தோல் கெடாமலிருக்க உப்பை அள்ளிப் பூசுவார்கள். தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறும். பிறகு சுண்ணாம்பு, குரோமியம். பல பத்தாண்டுகள் இப்படி ஓடிய கழிவு, கிணறுகளைக் கரிக்க வைத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். பெற்றோருக்குத் தேவையானது இன்னொரு செய்தி: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். பால் பவுடர் கலக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துவந்துவிடுங்கள்.

● குரோமியம் வருமுன் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். மஞ்சள் பூவுக்காக நீங்கள் சாலையோரம் நிறுத்திப் படமெடுக்கும் அதே ஆவாரைதான்.

● நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் ஆம்பூர் பக்கம் கூட்டம் திடீரென்று பெருகினால் பதற வேண்டாம்; ஷூ கம்பெனி விட்டுவிட்டது என்று பொருள். வேலை செய்கிறவர்களில் பெண்களே மிகுதி. அவர்கள் வீட்டிலும் வாண்டுகள் உண்டு. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. பயணத்தில் பாலூட்ட இடம் தேடும் அம்மாக்களுக்கு: தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறைகள் உண்டு. கார் உள்ளவர்கள் பேருந்து நிலையத்துக்குள் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

● ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பா அரிசியில், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதோடு வேகிறது. பச்சை மிளகாய்க் காரம் போல நாக்கைச் சுட்டெரிக்காது என்றாலும் இரண்டு வயதுக்கு அதுவும் அதிகம். விவரமான வீட்டார் கொஞ்சம் குஸ்கா வாங்கி, தயிர் ஊற்றிப் பிசைந்துவிடுவார்கள். எலும்புத் துண்டு கலந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஊட்டுங்கள். பிரியாணிக்குத் துணையாக வரும் எண்ணெய்க் கத்தரிக்காயை விட்டுவிட வேண்டாம். இந்த மண்ணின் இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

● ஆற்காடு நவாப் அன்வாருதீன் கான் போரில் மாண்டது இதே ஆம்பூரில், 1749 ஆகஸ்ட் 3-இல். பிரியாணி ஆர்டர் வரும்வரை பெரிய பிள்ளைக்குச் சொல்லலாம்.

● “ரெண்டே நிமிஷம், தூங்குறான், எழுப்ப வேணாம்” என்று காரை மூடிவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். கண்ணாடியை விரலளவு இறக்கிவைப்பதில் பெரிய பலன் இல்லை. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

● ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். பாவேந்தர், பாரதியார், கபிலர், ஔவையார் என்று புலவர்களில் தொடங்கி, பாரி, ஓரி, அதியமான் என்று கடையெழு வள்ளல்கள் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வளைவில் தலைசுற்றி வாந்தி வருவது அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அந்தத் தொல்லை அதிகம். அதனால் மலையேறும்போது இரண்டைத் தொட்ட வாண்டுக்கும் அதன் அக்காவுக்கும் பையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குக் காது அடைக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள். வளைவு தொடங்கும்போது பாட்டிலையோ தாய்ப்பாலையோ கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

● மலையில் தேன் விற்பார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள், முதிராத குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

● கூடாரம் போட ஆசையா? காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரைப் பலிகொண்ட பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, அது நியாயமும்கூட. ஆம்பூர், பேரணாம்பட்டு காடுகளில் ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயப் பக்கத்திலிருந்து யானைகள் வந்துபோகும். ஜவ்வாது மலையில் கரடி உண்டு. ஆகவே குழந்தையோடு கூடாரம் என்றால், ஏலகிரியில் வேலியும் காவலும் கழிப்பறையும் உள்ள தனியார் முகாம்தான் சரி. “இதெல்லாம் ஒரு கேம்பிங்கா?” என்று நண்பர்கள் சிரிக்கலாம். நள்ளிரவில் உடை மாற்ற வேண்டியவர் அவர்கள் இல்லை.

● மலைக்குளிருக்குக் கூடாரத்துக்குள் கரியடுப்பு வைத்துவிடாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருளும் உள்ளே வேண்டாம். ஜிப் மூடிய வலைக் கூடாரம், இரண்டடுக்குத் துணி, ஒரு குல்லா போதும்.

● வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால், ஜவ்வாது மலையில் காவலூர். வைனு பாப்பு வானாய்வகம் அங்கேதான். நிலநடுக்கோட்டுக்கு அருகே, 12.5 டிகிரியில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். இங்கிருந்து வியாழனின் நிலவான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் 1972-இல் கிடைத்தது. 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்ட கூட்டத்திலும் காவலூர் உண்டு. 1988-இல் கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். பொதுமக்களுக்கு வழக்கமாகச் சனிக்கிழமை. மேகம் இருந்தால் ஏமாற்றம்தான், விசாரித்துவிட்டுப் போங்கள். செல்போன் டார்ச்சையும் கார் விளக்கையும் அணைக்கச் சொல்வார்கள். விளக்கு மின்னும் ஷூ போட்ட வாண்டு இருந்தால், அதைக் காரிலேயே கழற்றிவிடுங்கள்.

● நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, உடம்புக்கு முடியவில்லை என்றால் 108. இரண்டும் இலவசம்.

● பயன்படுத்திய டயப்பரை மலைச்சாலையில் வீசாதீர்கள். அதிலுள்ள பிளாஸ்டிக் மட்க நூற்றாண்டுகள் ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஏலகிரிக் குரங்குகள் அதைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் காரின் ஜன்னலுக்கு வந்து நிற்கும்.