ஏரியில் சிறிதும் பெரிதும்

விக்ரோலிக்கு மேற்கே சிறிது தொலைவில் பவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. 1891-ஆம் ஆண்டில் குடிநீருக்கென்று அணை கட்டி அமைக்கப்பெற்ற ஏரி அது. பின்னர் அந்நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று என மக்கள் கைவிட்டனர், உயிரினங்கள் கைவிடவில்லை. மீனும் தவளையும் தும்பியும் முதலையும் இன்றும் அங்கு வாழ்கின்றன. ஏரியைக் கடந்து செல்லும் நாம், "இதில் மீன் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பதுண்டு. "அவற்றுள் சிறியன எத்தனை, பெரியன எத்தனை?" என்று கேட்பவர் அரியர். ஏரியின் நலமோ இவ்விரண்டாம் கேள்வியிலும் அடங்கியுள்ளது.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை 'மச்ச நியாயம்' என்பர். பெரிய மீன் ஓர் இனம், சிறிய மீன் வேறோர் இனம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஓர் இனத்திற்குள்ளேயே இந்த நியாயம் நடைபெறுகிறது.

நாம் விரும்பி உண்ணும் விரால் மீனை எடுத்துக்கொள்வோம். முட்டையினின்று வெளிவந்த அதன் குஞ்சு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். சற்று வளர்ந்ததும் பூச்சிகளை நாடும். முழு வளர்ச்சியுற்றபின் மீனையும் தவளையையும் வேட்டையாடும். பெயர் ஒன்று, தொழில் மூன்று. ஒரே தாயின் குஞ்சுகளிலும் முந்தி வளர்ந்தது பிந்தியதை விழுங்கிவிடும். ஆதலால் விரால் வளர்ப்போர் குஞ்சுகளை அவ்வப்போது அளவு வாரியாகப் பிரித்து வெவ்வேறு தொட்டிகளில் விடுவர். முதலையும் இவ்வாறே. ஓரடி நீளமுள்ள குட்டி பூச்சியையும் சிறு மீனையும் பிடிக்கும். பத்தடி வளர்ந்ததோ பெரிய மீனையும் பறவையையும் விலங்கையும் பிடிக்கும்.

இதனால் விளைவது யாது? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஏரிகளை ஆராய்ந்த புரூக்ஸ், டாட்சன் என்னும் அறிஞர் இருவர் 1965-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒளி தருகிறது. நீரில் 'நீர்த்தெள்ளு' எனப்படும் நுண்ணிய பிராணிகள் உண்டு. அவை பாசியைத் தின்று நீரைத் தெளிய வைக்கும். அவற்றுள் உருவிற் பெரியவையே இவ்வேலையில் வல்லவை. கிரிஸ்டல் ஏரியில் ஹெர்ரிங் இனத்துச் சிறு மீன்கள் புகுவதற்கு முன், 1942-இல், பெரிய நீர்த்தெள்ளுகள் இருந்தன. மீன்கள் பெருகிய பின், 1964-இல், அவை மறைந்து சிறியவையே எஞ்சின. மீன் பெரிய இரையையே முதலில் தேர்ந்து தின்றதே காரணம்.

இவற்றை இணைத்துப் பார்ப்போம். பெரிய மீன்கள் இருந்தால் சிறு மீன்களின் கூட்டம் அளவோடு நிற்கும், நீர்த்தெள்ளு பிழைக்கும். பெரியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் சிறியவை பெருகி நீர்த்தெள்ளை அழிக்கும். பாசியைத் தின்பார் குறைவர். நகரத்தின் கழிவுநீர் பாசிக்கு உரமாவதே முதற்கேடு. மீனின் அளவு குலைவது அக்கேட்டுக்குத் துணை நிற்கும்.

ஜிலேபி மீனை அறியாத தமிழ் இல்லம் உண்டோ? ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டைகளைத் தாய் தன் வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. நெரிசல் மிகுந்தால் இது வளர்ச்சி குன்றி, கையகலம் ஆகுமுன்னரே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். குளம் நிறைய மீன் இருக்கும். குழம்புக்கு உதவும் மீன் இராது. நம் ஊர்க் கண்மாய்களில் மீன்பாசி குத்தகை எடுத்தோர் இத்துன்பத்தை நன்கறிவர்.

சிறியதற்கும் பெரியதற்கும் வேண்டும் இடமும் வேறு. குஞ்சுகளுக்குக் கரையோரத்து ஆழமற்ற நீரும் புல்லுமே தொட்டில். பெரியவை ஆழத்தை நாடும். கரையைத் தூர்த்தால் ஏரி சிறிதே குறைந்ததாகத் தோன்றும்; ஆனால் குஞ்சுகளின் வீடு முழுவதும் போய்விடும். பவாய்க் கரையில் மாநகராட்சி மேற்கொண்ட மிதிவண்டிப் பாதைப் பணி சட்டத்திற்குப் புறம்பானது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு காத்த கரை அகலத்தில் சிறிது, பயனில் பெரிது.

நாம் செய்யத்தக்கது என்ன? சந்தையில் விரற்கடை அளவுள்ள கெண்டைக் குஞ்சுகளை வாங்காதிருக்கலாம். மழைக்காலத்தில் முட்டை நிறைந்த ஏரி மீனைத் தவிர்க்கலாம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீன்களை ஏரியில் விடாதிருக்கலாம். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று, ஓர் இனத்திற்குள்ளேயே எத்தனை அளவுகள் உள என்று காட்டலாம். குடும்பம் என்றால் பாட்டனும் பேரனும் கூடியிருப்பதன்றோ? ஏரிக்கும் அதுவே அழகு, அதுவே வாழ்வு.