செதுக்கிய பல் வளராது

கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலையில் ரயில் ஏறுவார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள்.

அப்படிப் போகிறவர்களில் ஒரு பெண். வயது 22. துணி தைக்கும் கம்பெனியில் வேலை. கலகலப்பாகப் பேசுவாள். ஆனால் சிரிப்பு வந்தால் உடனே கையால் வாயை மூடிக்கொள்வாள்.

காரணம், அவளுடைய பல். மேல் வரிசை முன் பற்களில் பழுப்புக் கறை. சில இடங்களில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைத் திட்டு. "நீ பல்லே விளக்க மாட்டாயா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவள் தினமும் இரண்டு வேளை பல் விளக்குகிறவள். அது யாருக்குத் தெரியும்?

கறையைப் போக்க அவள் செய்யாதது இல்லை. கரித்தூள் தேய்த்தாள். உப்பு தேய்த்தாள். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தையும் தேய்த்தாள். கறை போகவில்லை. பல் கூச ஆரம்பித்ததுதான் மிச்சம்.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. மகளை டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "மேல் பல் எட்டையும் செதுக்கி, கேப் போட்டுவிடலாம். ஒரே வாரத்தில் முத்து மாதிரி ஆகிவிடும். எட்டுக்கும் சேர்த்து 40,000 ரூபாய்" என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் காதில் இருந்த கம்மலைக் கழற்றினார். அடகு வைக்கத்தான்.

அப்போது அத்தை வந்திருந்தார். அவர் தன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்னால் இரண்டு பல் இல்லை. "எனக்கு 20 வயதில் இந்த இரண்டுக்கும் கேப் போட்டார்கள். சொத்தை இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்சம் கோணலாக இருந்தது, அவ்வளவுதான். 15 வருஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஈறு இறங்கியது. கேப்புக்கு உள்ளேயே பல் அழுகிவிட்டது. பிடுங்கிவிட்டார்கள்" என்றார். பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு, இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடு. செதுக்கிய பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?"

அம்மா கம்மலை மறுபடியும் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் பெண் ஒரு நாள் லீவு போட்டாள். இருவரும் பெங்களூரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா எடுத்த எடுப்பில் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தாய்?" என்று கேட்டார்.

"போர் தண்ணீர்தான், டாக்டர்."

"உங்கள் ஊரில் இன்னும் பல பேருக்கு இப்படிப் பல் இருக்கிறதா?"

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு இருந்தது.

தண்ணீர் போட்ட கறை

பூமிக்கு அடியில் சில பாறைகளில் ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கிறது. அது நிலத்தடி நீரில் கரைகிறது. குறைந்த அளவில் இருந்தால் பல்லுக்கு நல்லது. அளவு மீறினால் கெடுதல். குடிநீர் 1 லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். கோலார் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் இதற்கு மேல் இருக்கிறது.

கோலாரில் மட்டும் அல்ல. ஆந்திரா, தெலங்கானா, ராஜஸ்தான், குஜராத் என்று பல மாநிலங்களில் இந்தத் தொல்லை உண்டு. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உண்டு. நம் நாட்டில் இதை முதலில் எழுதி வைத்தது 1937-இல். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டார்கள்.

நிலையான பற்கள் சிறு வயதிலேயே ஈறுக்கு உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. முன் பற்கள் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே இந்த வேலை நடக்கிறது. அந்தச் சமயத்தில் ஃபுளோரைடு அதிகம் உள்ள தண்ணீரைக் குடித்தால், பல் முளைக்கும்போதே குறையோடு முளைக்கிறது. அதனால் இது அழுக்கு இல்லை. பல் விளக்காத குற்றமும் இல்லை. கேலி செய்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு இருக்கும் வெள்ளைப் பல், அவர்கள் ஊர்த் தண்ணீர் கொடுத்தது.

கேப் என்றால் என்ன?

நம் பல்லின் மேல் ஓடு எனாமல். உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள் அதுதான். எலும்பைவிடக் கடினம். அதற்கு உள்ளே கொஞ்சம் மெதுவான பகுதி. அதற்கும் உள்ளே ரத்தமும் நரம்பும் இருக்கின்றன.

நகத்தை வெட்டினால் வளரும். முடியை வெட்டினால் வளரும். எலும்பு முறிந்தால்கூடக் கூடும். எனாமல் மட்டும் போனால் போனதுதான்.

கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை செதுக்க வேண்டும். அப்போதுதான் கேப் உட்கார இடம் கிடைக்கும். முன் பல்லின் எனாமல் தடிமனே சுமார் 1 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எனாமல் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். மிச்சம் ஒரு சின்ன முளைதான். செதுக்கும்போது உள்ளே இருக்கும் நரம்பு அதிர்ந்து, பிறகு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வரலாம். கேப்பும் ஆயுளுக்கு வராது. 10 அல்லது 15 வருடத்தில் மாற்ற வேண்டி வரும். 22 வயதில் போட்டால் இன்னும் எத்தனை தடவை மாற்றுவது?

கேப் கெட்டது என்று அர்த்தம் இல்லை. பாதி உடைந்த பல்லுக்கும், பெரிய சொத்தை விழுந்த பல்லுக்கும், வேர் சிகிச்சை செய்து பலம் குறைந்த பல்லுக்கும் கேப்தான் காவல். "உன் பல் அப்படி இல்லையே! நிறம்தான் சரியில்லை. பல் கெட்டியாக இருக்கிறது. நல்ல பல்லை எதற்குச் செதுக்க வேண்டும்?" என்றார் டாக்டரம்மா.

குறைவாகத் தொட்டுச் செய்யும் வழிகள்

முதலில் பற்களைச் சுத்தம் செய்தார்கள். வெற்றிலை, புகையிலை, டீக் கறை உள்ளவர்களுக்கு இது ஒன்றே போதும். மெஷின் வைத்துச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. பல் இடுக்கில் கல்லுப்போல இறுகிய காரை எடுபடுவதால் இடைவெளி தெரிகிறது. பல் தேய்வதில்லை.

இந்தப் பெண்ணின் கறை பல்லுக்குள் இருந்தது. அதனால் சுத்தம் செய்தும் போகவில்லை. அடுத்தபடியாக, கறை படிந்த பற்களை மட்டும் வெளியே விட்டு, ஈறை ரப்பர் துணியால் மூடினார்கள். லேசான அமிலமும் மெல்லிய பொடியும் கலந்த பசையைப் பல்லில் தடவினார்கள். சில வினாடி தேய்ப்பது, கழுவுவது, மறுபடி தேய்ப்பது. இதில் எனாமலின் மேல் படலம் மட்டும் போகும். அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பழுப்புக் கறை பெரும்பாலும் இந்த மேல் படலத்தில்தான் இருக்கிறது.

"நானும் எலுமிச்சம்பழம் தேய்த்தேனே. அதுவும் அமிலம்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. டாக்டர் அளவு பார்த்து, ஒரே தடவையில், ஈறை மூடிச் செய்கிறார். பிறகு பல்லுக்குப் பாதுகாப்பு மருந்து தடவுகிறார். வீட்டில் நாம் தினமும் தேய்த்தால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. கரித்தூளும் செங்கல் பொடியும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் பாட்டில் வைத்து "ஒரு நிமிஷத்தில் வெள்ளை" என்று விற்பவரிடம் போகவே கூடாது. அது பல்லைக் கரைக்கும் திராவகமாக இருக்கலாம்.

கறை மங்கியது. ஆனால் பல் இன்னும் மஞ்சளாக இருந்தது. அதற்கு வெளுக்கும் மருந்து கொடுத்தார்கள். அவள் பல்லுக்கு அச்சு எடுத்து, மெல்லிய உறை ஒன்று செய்தார்கள். அதில் மருந்தைத் தடவி இரவில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் அப்படிச் செய்தாள். முதல் நான்கு நாள் பல் கூசியது. பிறகு சரியாகிவிட்டது. இந்த மருந்தைக் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை.

ஒரு பல்லில் மட்டும் சிறிய குழி இருந்தது. இரண்டு வாரம் பொறுத்து, அதில் பல் நிறப் பசையை வைத்து, விளக்கொளி காட்டி இறுக்கினார்கள். செதுக்கவே இல்லை. இந்தப் பூச்சு சில வருடம் வரும். ஓரம் பெயர்ந்தால் மறுபடி பூசலாம். டீயும் வெற்றிலையும் அதில் கறையாக ஒட்டும். இதிலும் சரியாகாத பல்லுக்கு, முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் சில்லு உண்டு. அதற்கு அரை மில்லிமீட்டர் அளவு செதுக்க வேண்டியிருக்கும். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பல் கோணலாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பி போட்டால் ஒன்று இரண்டு வருடம் ஆகும். கேப் ஒரு வாரத்தில் முடியும். அதனால் பலரும் கேப்பைக் கேட்கிறார்கள். கம்பியில் பல் இடம் மாறுகிறது. தன் எனாமலோடு மாறுகிறது. ஈறு நன்றாக இருந்தால் 30, 40 வயதிலும் கம்பி போடலாம். அத்தைக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை.

நாம் "சீக்கிரம், வெள்ளையாக" என்று கேட்டால் டாக்டரும் கேப்பைத்தான் சொல்வார். கேட்கிற முறையை நாம் மாற்ற வேண்டும். என் பல்லில் எவ்வளவு செதுக்குவீர்கள்? செதுக்காமல் வேறு வழி உண்டா? இது எத்தனை வருஷம் தாங்கும்? கெட்டுப்போனால் அடுத்து என்ன செய்வீர்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் நின்று பதில் சொல்வார். அவர் பி.டி.எஸ். படித்தவரா, அரசிடம் பதிவு செய்தவரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் பல் சினிமா நடிகை பல்போல ஆகவில்லை. இரண்டு பல்லில் வெள்ளைத் திட்டு இன்னும் லேசாகத் தெரிகிறது. பழுப்பு போய்விட்டது. எட்டுப் பல்லும் அவளுடைய சொந்தப் பல்லாகவே இருக்கிறது. ரயிலில் பேசிக்கொண்டு வரும்போது கையை மடியில் வைத்திருக்கிறாள்.

கடைசியாகப் போன அன்று டாக்டரம்மா ஒன்று கேட்டார். "வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா?"

இருக்கிறான். அண்ணன் மகன். வயது 4. பால் பல் எல்லாம் பளிச்சென்று வெள்ளை. ஆனால் அவனுடைய நிலையான பல் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அவனும் அதே போர் தண்ணீரைத்தான் குடிக்கிறான்.

ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, ருசி இல்லை, வாடை இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால்தான் தெரியும்.

பெண் ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துப் பஞ்சாயத்தில் கொடுத்து, சோதனைக்கு அனுப்பச் சொன்னாள். ஊர் எல்லையில் பஞ்சாயத்தின் சுத்திகரிப்புத் தண்ணீர் நிலையம் இருக்கிறது. நடந்தால் கால் மணி நேரம். இப்போது தினமும் மாலையில் அம்மா ஒரு கேனை எடுத்துக்கொண்டு அங்கே போகிறார். துவைக்கவும் குளிக்கவும் போர் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். பேரன் சில நாள் கேனின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருகிறான்.