படுத்துக்கொண்டே பிரேக் போட்ட விக்ரம்

நிலாவில் காற்று கிடையாது. பாராசூட்டை விரித்து ஹாயாக இறங்கும் கதையெல்லாம் அங்கே எடுபடாது. போகிற திசையிலேயே எஞ்சினைப் பீய்ச்சியடித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் செய்தது அதுதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒத்திகை இருக்கிறதே, அடடா!

நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்தில் அனார்த்தோசைட் என்றொரு பாறை கிடைக்கிறது. நிலாவின் மேட்டுநிலமும் அதே ஜாதிப் பாறைதான். அதை அரைத்தெடுத்த பொடிதான் பெங்களூரு இஸ்ரோவில் நிலா மண் வேஷம் கட்டியது! இறங்க உதவும் சென்சார்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சோதித்தார்கள். எஞ்சின் சோதனைக்கு டவர் கிரேன். போலி நிலா மண்ணில் லேண்டரின் கால்களை விதவிதமாக மோதவிட்டதும் உண்டு. 2019இல் முதல் விக்ரம் விழுந்து நொறுங்கியிருந்ததே, சும்மா இருப்பார்களா? இந்த முறை எரிபொருள் கூடுதல், கால்களுக்கும் கூடுதல் வலு.

2023 ஆகஸ்ட் 23, மாலை 5:44. உயரம் 30 கிலோமீட்டர். வேகமோ மணிக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர்! வேடிக்கை என்னவென்றால், அந்த வேகம் அத்தனையும் பக்கவாட்டில்தான். அதனால் விக்ரம் கிட்டத்தட்ட படுத்த வாக்கில் நான்கு எஞ்சின்களையும் முன்பக்கம் காட்டி 690 விநாடி எரித்தது. 7.4 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது வேகம் விநாடிக்கு 358 மீட்டர். அங்கே 10 விநாடி சாய்வை மாற்றாமல் பறந்தபடியே, தான் எங்கே இருக்கிறோம் என்று சரிபார்த்துக்கொண்டது. பிறகுதான் மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

இதில் எதையும் பூமியிலிருந்து யாரும் ஓட்டவில்லை. திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் உட்பட எல்லோரும் அப்போது திரையைப் பார்க்க மட்டும்தான் முடியும். எனக்கென்றால் நகம் மிஞ்சியிருக்காது! 150 மீட்டர் உயரத்தில் விக்ரம் அந்தரத்தில் நின்று, கீழே பாறையோ பள்ளமோ இருக்கிறதா என்று நோட்டம் விட்டது. 6:04க்குத் தரை தொட்டாயிற்று. எஞ்சின் ஊதிய ஊதலில் சுமார் 2 டன் நிலாத் தூசி பறந்ததாம்.

அதோடு விட்டார்களா? செப்டம்பர் 3 அன்று, ரோவர் வண்டி இறங்கிய சாய்தளத்தையும் கருவிகளையும் மடக்கவைத்து எஞ்சினை மறுபடி மூட்டினார்கள். விக்ரம் சுமார் 40 செ.மீ. எம்பி, 30-40 செ.மீ. தள்ளிப் போய் மறுபடியும் பத்திரமாக உட்கார்ந்தது!