31ஆம் நாள் மாத்திரை

குவாத்தமாலாவுக்குப் போய் ஒரு வாரம் மாத்திரை எண்ணிவிட்டு வந்தேன். இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் நான் செய்த வேலை அதுதான். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஹூஸ்டனில் மென்பொருள் வேலை. வருஷாவருஷம் ஒரு மருத்துவக் குழுவோடு அங்கே போய்வரும் அலுவலக நண்பர் ஒருவர், "ஃபார்மசி மேசைக்கு ஒரு ஆள் குறையுது, எண்ணத் தெரிஞ்சா போதும்" என்றார். எண்ணத் தெரியும். விமான டிக்கெட் போக 2,100 டாலர் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சிமால்தெனாங்கோ மாவட்டத்தில் மலைமேல் ஒரு ஊர். அங்கே இருப்பவர்கள் மாயா மக்களில் கக்சிக்கேல் பேசுகிறவர்கள். வீட்டுக்குச் சோளமும் பீன்ஸும், விற்க ப்ரோக்கோலியும் பச்சைப் பட்டாணியும் போடுகிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பறையைக் காலிசெய்து முகாம் போட்டோம். இந்த மாதிரி முகாமுக்கு அங்கே 'ஹோர்நாடா' என்று பெயர். அந்த ஸ்பானிஷ் சொல்லுக்கு ஒரு நாள் வேலை என்றும் பொருள் உண்டு.

விடிவதற்குள் வரிசை நின்றுவிடும். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்கள் உண்டு. நோயாளி கக்சிக்கேலில் சொல்வார். உள்ளூர் இளைஞர் ஒருவர் அதை ஸ்பானிஷில் சொல்வார். எங்கள் குழுவின் கல்லூரி மாணவி அதை ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொல்வார். ஒரு பாட்டி கையை ஆட்டி, கண்ணைத் துடைத்து, இரண்டு நிமிஷம் பேசினார். மூன்றாவது வாய்க்கு வந்துசேர்ந்தது "தலை வலிக்குதாம்" என்பது மட்டும்தான். டாக்டரின் கேள்வியும் அதே படிகளில் இறங்கிப் போகணும். ஒருவருக்கு ஆறேழு நிமிஷம்தான் கிடைக்கும். எங்கள் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், நல்ல மனசுக்காரர்களும்கூட. ஆனாலும் ஆறு நிமிஷம் ஆறு நிமிஷம்தானே.

சீட்டு கடைசியாக என் மேசைக்கு வரும். சின்ன பிளாஸ்டிக் பையில் மாத்திரையை எண்ணிப் போட்டு, மேலே காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் வரைந்து கொடுக்கணும். குழந்தைகளுக்கு ஒரு அல்பெண்டசோல், 30 வைட்டமின். முதுகுவலிக்கு ஐபுப்ரோஃபென். ரத்த அழுத்தத்துக்கு லிசினோப்ரில், 30. எல்லாமே 30தான். "ஏன் 30?" என்று கேட்டேன். "சூட்கேஸ்ல அவ்வளவுதான் வரும். ஆளுக்கு ஒரு மாசம்னு வச்சா நிறையப் பேருக்குக் கொடுக்கலாம்" என்று பதில். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மேலே சொன்ன தலைவலிப் பாட்டி என் மேசைக்கு வந்தார். சீட்டில் லிசினோப்ரில், ஐபுப்ரோஃபென். பையை நீட்டினதும் அவர் இடுப்புத் துணியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். எங்கள் பை போலவே இன்னொரு குழுவின் பை, அதற்குள் ஏழெட்டு லிசினோப்ரில். கூடவே அட்டையில் எனாலாப்ரில், அது ஊர் சுகாதார நிலையத்தில் கொடுத்தது. எனக்கு மருந்து தெரியாது. ஆனால் கும்பகோணத்தில் அம்மா வருஷக்கணக்காக ராமிப்ரில் சாப்பிடுகிறாள், போனில் ஸ்ட்ரிப் பெயரைப் படிக்கச் சொல்லிச் சொல்லி அந்த 'ப்ரில்' மட்டும் என் காதில் நின்றுவிட்டது. மூன்று பெயரும் ஒரே மாதிரி முடியுதே என்று டாக்டரிடம் ஓடினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. விளக்கம் இதுதான். 'ப்ரில்' என்று முடிகிற மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உடம்பில் உருவாகாமல் தடுப்பவை. இரண்டைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டதுபோல. அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், கீழே விழலாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அதன்மேல் ஐபுப்ரோஃபென் வேறு. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் காக்கிற சில பொருட்களை அது தடுத்துவிடும். 'ப்ரில்' வேறொரு பக்கமிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கும். வயதானவர், தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறவர் என்றால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடலாம். ஐபுப்ரோஃபென் ரத்த அழுத்தத்தை ஏற்றவும் செய்யும் என்பது தனிக்கதை.

பாட்டிக்கு ஏன் தலை சுற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தலை 'வலிக்கிறது' என்றுதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. பிறகு அந்த இளைஞரிடம் நேராகக் கேட்டபோது, "சுத்துதுன்னும்தான் சொன்னாங்க" என்றார்.

அவருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தாச்சு. என்னால் தாண்டிவர முடியாதது வேறு. முதல் இரண்டு நாளில் அதே லிசினோப்ரிலை என் கையாலேயே எத்தனை பைகளில் எண்ணிப் போட்டிருப்பேன்? "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று ஒருவரிடம்கூட நான் கேட்கவில்லை. கேட்கணும் என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை.

ஊருக்குத் திரும்பிப் படித்தபோது தெரிந்தது, இது புதுக்கதையே இல்லை. போஸ்னியப் போரின்போதும் அதை ஒட்டியும், 1992 முதல் 1996 வரை, உலகமே மருந்து அனுப்பியது. பயன்படுத்த முடியாமல் அங்கே தேங்கிப்போன மருந்து மட்டும் சுமார் 17,000 டன் என்று கணக்கிட்டார்கள். காலாவதியானவை, புரியாத மொழியில் எழுதியவை, அந்த நாட்டில் யாரும் எழுதித்தராதவை. உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கு விதிமுறைகள் போட்டது. கேட்டதைத்தான் அனுப்பணும், அந்த நாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கணும், போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது ஆயுள் மிச்சம் இருக்கணும், உள்ளூர்க்காரர்களுக்குப் புரிகிற மொழியில் லேபிள் இருக்கணும். சூட்கேஸ் மருந்தை யாரும் 'நன்கொடை' என்று நினைப்பதில்லை, அதனால் இந்த விதிகள் நினைவுக்கே வருவதில்லை. எங்கள் லேபிளில் சூரியனும் நிலாவும் இருந்தன, மருந்தின் பெயர் இல்லை. அடுத்து வரும் டாக்டர் அந்தப் பையைப் பார்த்தால் வெள்ளை மாத்திரை என்பதற்குமேல் எதுவும் தெரியாது.

குழந்தைகள் கதையும் இதே 30தான். குவாத்தமாலாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மாயா கிராமங்களில் இன்னும் அதிகம். பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லும், ஆனால் மண்ணும் கழிப்பறையும் மாறாவிட்டால் சில மாதங்களில் திரும்ப வரும். ஒரு மாத வைட்டமினால் யாரும் உயரமாகப் போவதில்லை.

எதனால் மாறும் என்பதற்கு உலகத்திலேயே பேர்போன சான்றுகளில் ஒன்று அதே நாட்டில்தான் இருக்கிறது. இன்காப் என்ற மத்திய அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவனம் 1969 முதல் 1977 வரை கிழக்குக் குவாத்தமாலாவின் நாலு கிராமங்களில் ஒரு பரிசோதனை நடத்தியது. இரண்டு கிராமங்களில் 'அட்டோலே' என்ற புரதக் கஞ்சி, மற்ற இரண்டில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். தினமும், வேண்டியவர்களுக்கெல்லாம். மருத்துவ சேவை நாலு ஊருக்கும் ஒன்றுபோலவே கொடுத்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். 2002–04இல் அந்தக் குழந்தைகளைப் பெரியவர்களாகத் தேடிப் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிநேரக் கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகம். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. எட்டு வருஷக் கஞ்சி, கால் நூற்றாண்டு கழித்துக் கணக்கு. எங்கள் முகாமில் குழந்தையை எடை போட்டோம், ஆனால் அந்த எடையை யாரிடமும் கொடுக்காமல் வந்தோம்.

இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகா ஊரில், கிராமங்களுக்கு உதவப் புறப்பட்ட அமெரிக்க இளைஞர்களின் முகத்துக்கு நேரே, உதவுகிறேன் என்று வராதீர்கள் என்று பேசினார். அந்த அளவுக்கு என்னால் போக முடியவில்லை. எங்கள் முகாமிலேயே ஒரு வருக்கு நாலு வருஷமாகக் காதை அடைத்திருந்த அழுக்கை எடுத்தார்கள், அவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார். குடலிறக்கம், கண்புரை, பல் பிடுங்குவது போன்று ஒரே தடவையில் பெரும்பாலும் முடிந்துவிடும் வேலைகளுக்கு வெளியாள் வரலாம், புண் ஆறும்வரை பார்க்க உள்ளூரில் ஆள் இருந்தால். ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை வளர்ச்சி எல்லாம் அப்படி முடிகிறவை இல்லை. அங்கே தங்குகிற ஆள்தான் மருந்து.

சிமால்தெனாங்கோவுக்கே 1962இல் கரோல் பெர்ஹார்ஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர் வந்தார். தானே எல்லாரையும் பார்ப்பதற்குப் பதில், கக்சிக்கேல் பேசும் விவசாயிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார். நோயாளியின் மொழி அவர்களுக்கு வீட்டு மொழி. 80களின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போர் உக்கிரமாக இருந்தபோது, ஊரைத் திரட்டுகிறார்கள் என்ற சந்தேகத்தில் அந்த மாதிரிப் பணியாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இன்று முகாமுக்கு நீளும் வரிசையின் பின்னால் இதுவும் இருக்கிறது.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஊர் சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனேன், பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம். மூன்று நாளாக எங்களில் யாரும் அங்கே எட்டிப்பார்க்கவில்லை. உள்ளே ஒரு துணைச் செவிலியர் தனியாக இருந்தார், அலமாரி பாதி காலி. என் அரைகுறை ஸ்பானிஷில் பாட்டியின் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ரத்த அழுத்தக்காரர்கள் பெயர், தேதி, அளவு, மருந்து எல்லாம் கையால் எழுதியது. சில பெயர்களுக்கு எதிரே மாதக்கணக்கில் வெறும் கோடு.

"ஹோர்நாடா வந்தா இவங்க இங்க வரமாட்டாங்க. உங்க மருந்து அமெரிக்க மருந்து, நல்லதுன்னு நினைப்பாங்க. அது தீர்ந்ததும் நேரா என்கிட்ட வரமாட்டாங்க, வெட்கப்படுவாங்க" என்றார்.

கடைசி ராத்திரி மற்றவர்கள் மூட்டை கட்டும்போது, நான் எங்கள் சீட்டுகளை உட்கார்ந்து பிரித்தேன். ரத்த அழுத்த மாத்திரை வாங்கினவர்கள் 62 பேர். பெயர், ஊர்ப்பகுதி, மருந்து, அளவு, ஸ்பானிஷில் இரண்டு பக்கம். காலையில் வண்டி கிளம்புமுன் செவிலியரிடம் கொடுத்தேன். அவர் நோட்டைத் திறந்து, விரல் வைத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார். நான் நின்றிருந்தவரைக்கும் பதினோரு பெயர் இரண்டு பக்கமும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். இன்னும் பாதிப் பட்டியல் பாக்கி இருக்கையில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அடுத்த வருஷம் வந்தா லிசினோப்ரில் கொண்டுவராதீங்க. எனாலாப்ரில் எங்க தலைநகர்லயே கிடைக்கும், அந்தக் காசுக்கு அங்கயே வாங்கி இந்த அலமாரியில வச்சிட்டுப் போங்க" என்றார், பட்டியலிலிருந்து நிமிராமலே.

இந்த வருஷம் குழுவிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.