செவ்வாயில் 'டிஸ்க் ஃபுல்'!

2004 ஜனவரி 21. செவ்வாயின் குசெவ் பள்ளத்தில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தி திடீரென்று பேச்சை நிறுத்தியது. அடுத்தடுத்து வந்த அரைகுறைத் தகவல்களைக் கோத்துப் பார்த்த பொறியாளர்களுக்குத் தலை சுற்றியது. ஊர்தியின் கணினி ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. இரவில் உறங்க வேண்டியது, விழித்தே கிடந்து பேட்டரியைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

சக்கரமோ கேமராவோ பழுதாகவில்லை. ஃபைல்கள் குவிந்துவிட்டன, அவ்வளவுதான். 256 எம்.பி. ஃபிளாஷ் நினைவகத்தில், ஏழு மாத விண்வெளிப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்களும் நீக்கப்படாமல் கிடந்தன. கணினி எழும்போதெல்லாம் ஃபைல்களின் பட்டியலை ரேமில் ஏற்றிக்கொள்ளும். பட்டியல் நீண்டு, அதற்கென ஒதுக்கிய ரேம் போதாமல் போனதும் ரீஸ்டார்ட். எழுந்தால் மீண்டும் அதே பட்டியல். பழைய ஃபைல்களை நீக்கும் நிரலைச் சில நாள் முன்பே அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்புவதற்குள் சிக்கல் முந்திக்கொண்டது.

ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி கட்டளையிட்டு, ஃபைல்களை நீக்கி, பிப்ரவரியில் நினைவகத்தை ஃபார்மேட் செய்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்கெனத் திட்டமிட்ட ஊர்தி 2010 மார்ச் வரை தொடர்பில் இருந்தது.

வீட்டுக் கணினிக்கும் இது பொருந்தும். டிஸ்க் நிரம்பினால் தற்காலிக ஃபைல்களை எழுத இடமிருக்காது. 'சேவ்' பாதியில் நின்றால், அடுத்த முறை அந்த ஃபைல் திறக்காமல் போகலாம். எனவே பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், வாட்ஸ்அப் வீடியோக்கள், ரீசைக்கிள் பின் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் புகுந்து கைக்கு வந்ததை அழிக்காதீர்கள். அதற்கு 'டிஸ்க் க்ளீனப்' இருக்கிறது.

முக்கியமான ஃபைல் அழிந்துவிட்டதா? உடனே அந்த டிஸ்க்கில் எதையும் எழுதுவதை நிறுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் செய்தால் அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர, வேறொன்று மேலே எழுதப்படும்வரை தரவு அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவினால், மீட்க வேண்டியதே அழியக்கூடும். எஸ்.எஸ்.டி.யில் மீட்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

ஃபைல் கெட்டுப்போயிருந்தால், பிரதி எடுத்து அதில் மட்டும் சரிசெய்து பாருங்கள். விண்டோஸின் 'செக் டிஸ்க்' கருவி டிஸ்க்கின் கட்டமைப்பைத்தான் சீராக்கும். கெட்டுப்போன கல்யாணப் போட்டோவை மீட்டுத் தராது. டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால், எந்தச் சோதனைக்கும் முன்னால் ஃபைல்களை வெளியே எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் அணைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் மேலான காப்பு, பேக்கப். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கிளவுடில் தானாக 'சிங்க்' ஆவதை மட்டும் நம்பாதீர்கள். கெட்டுப்போன ஃபைலும் அதே வேகத்தில் அங்கே போய்விடும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேக்கப்பிலிருந்து ஏதாவதொரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், உங்களிடம் பேக்கப் இல்லை என்றே பொருள்.